பூச்சாண்டியின் சம்மதம்

செங்கோடனுடைய நாய் பூச்சாண்டிக்கு வயிற்றில் கட்டி. வைத்தியச் செலவுக்கு ஸ்கூட்டரை விற்றுவிட்டு வந்தால், ஆஸ்பத்திரியில் வேறொரு வில்லங்கம். நோயாளி தன் வாயால் சம்மதிக்காமல் கத்தி வைக்கக்கூடாதாம். நாயின் கழுத்தில், அது நினைப்பதைப் பேச்சாக்கும் பட்டி ஒன்றை மாட்டினார்கள்.

“ஆபரேஷன் பண்ணிரலாமா?” என்று டாக்டரம்மா அதனிடம் கேட்டார்.

“தாராளமாப் பண்ணுங்க. பாவம், மனுசன் ஒரு வாரமாச் சோறே திங்கறதில்லீங்க. என்னையக் கட்டிக்கிட்டு அழுதுக்கிட்டே கெடக்கறாரு. அவருக்கு வலிக்காமப் பாத்துக்கங்க,” என்றது நாய்.

டாக்டரம்மா குழம்பிப்போய், “இது யாரோட ஆபரேஷனுக்குச் சம்மதம்?” என்றார்.

“எனக்கும் அதானுங்க வெளங்கல,” என்றார் செங்கோடன்.

அதற்குள் பூச்சாண்டி தான் படுத்திருந்த ஆபரேஷன் கட்டிலிலிருந்து இறங்கி அவருக்கு இடம் விட்டது. வேறு வழி தெரியாமல் அவர் ஏறிப் படுத்தார். பக்கத்தில் அதுவும் ஏறி, அவர் கைமேல் தலை வைத்துக்கொண்டது.

டாக்டரம்மா ஊசியை எடுத்தார்.

“ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கங்க.”