சந்தனப் பொட்டு

"பத்து நாளா பம்ப் ஓடுது, வேக்குவம் வரமாட்டேங்கு. உள்ள எண்ணெய் இருக்குன்னு மீட்டர் காட்டுது. ஆயுத பூஜைக்கு என்னத்தப் பூசுனீங்க?"

பேராசிரியை ஈவாஞ்சலின் போட்ட சத்தத்தில் லேப் டெக்னீஷியன் சுடலைக்கண்ணன் ஓரடி பின்வாங்கினார்.

திடப்பொருள்களில் எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்க, மூன்று வருடமாக இருவரும் கட்டிய ஸ்பெக்ட்ரோமீட்டர் அது. உள்ளே காற்றே இல்லாத வெற்றிடம் வேண்டும்; கைரேகை பட்டாலே போச்சு. நாளை மறுநாள் அதைப் பார்வையிட டெல்லியிலிருந்து குழு வருகிறது.

"ஒரே ஒரு சந்தனப் பொட்டு மேடம். அதுவும் வெளிய, ஸ்டாண்டுல."

"பொட்டு வச்சுத் தேங்கா உடைக்கதுக்கு இது என்ன ஹார்பர் லாரியா அண்ணாச்சி? லேப்ல வேலை பாக்கவங்க செய்யுத காரியமா இது?"

டிபன் கேரியருடன் உள்ளே வந்தார் அவள் கணவர் செல்வதுரை.

"என்ன ஈவா, மிஷின் ஓடிட்டா? ஓடாம எங்க போவும்! அன்னைக்கு நீ மூடுததுக்கு முன்னாடி, பாஸ்டர் குடுத்த ஜெப எண்ணெய உள்ள நாலு பக்கமும் தடவிட்டுல்லா வந்தேன்."

ஈவாஞ்சலின் பம்ப்பை நிறுத்தினாள்.

சுடலைக்கண்ணன் ஸ்பேனரை எடுத்து மூடியின் முதல் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"நான் வெளியதான் வச்சேன் மேடம்."