யாரோ ஒருத்தி

பஸ்ஸின் கதவு திறந்ததும் முதலில் இறங்கியது ஒரு தாடி.

அடுத்து இன்னொரு தாடி. அதற்கடுத்தும் ஒன்று. ஐந்து மாதம் காட்டில் கத்தியோ கண்ணாடியோ காணாத ஆண்கள், எல்லோரும் ஒரே தகப்பன் பெற்ற பிள்ளைகள் போல வரிசையாக வந்தார்கள்.

"அண்ணி, அவசரத்துல வேற எவனையாவது கூட்டிட்டு வந்துடாதீங்க. நல்லாப் பாத்து எடுங்க" என்றாள் லராபாவின் நாத்தனார் அசாபே.

கதுனா நகரத்தின் அந்த மைதானம் முழுக்கக் குலவைச் சத்தம். துப்பாக்கிக்காரர்கள் அபுஜா ரயிலை மறித்து, பெட்டி பெட்டியாக ஆட்களைக் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போன நாளிலிருந்து ஊர் வாய்விட்டுச் சிரித்ததில்லை. பாக்கி வைத்த சிரிப்பையெல்லாம் இன்று சேர்த்துச் சிரித்தது.

லராபா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையில் ஒரு சுரைக்குடுவை இருந்தது. கணவருக்குப் பிடிக்குமென்று தயிரில் கம்பு உருண்டை கரைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

வாசலில் போலீஸ்காரர் யாரை அழைத்துப்போக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது, "பதூலோட அப்பாவ" என்றாள். அவர் மறுபேச்சில்லாமல் அசாபேயின் பக்கம் திரும்பினார். "பில்யாமீனு. பழைய ரேடியேட்டர் வியாபாரி" என்று அவள் சொல்ல, எழுதிக்கொண்டார். அவர் வீட்டிலும் அதே கதைதானே.

கணவர் உயிரோடு வருகிறார் என்பது நேற்றே தெரிந்துவிட்டது. அவளுடைய பயம் வேறு.

கடத்திப் போன ஒன்பதாம் நாள் அவர்களிடமிருந்து போன் வந்தது. உன் ஆளோடு ஒரு நிமிடம் பேசிக்கொள் என்றார்கள். லராபா வாயில் வந்ததைச் சொல்லிக் கத்தினாள். அந்தப் பக்கம் கணவரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியாது."

அத்தோடு போன் அணைந்துபோனது. அதற்குப் பிறகு பேச்செல்லாம் கணவரின் அண்ணனோடுதான். கணவரை மறுபடி பேசவே விடவில்லை.

அடித்ததில் நினைவு தப்பிவிட்டதா? இல்லை, சாவதற்கு முன் தன்னைத் தலைமுழுகிவிட்டாரா? பதினெட்டு வருடச் சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டாள். இப்படிச் சொல்லும் அளவுக்கு ஒரு சண்டையும் அகப்படவில்லை. நேரில் வந்து நின்று அதையே இன்னொரு தரம் சொன்னால் அவளால் தாங்க முடியாது.

எட்டாவது தாடி இறங்கியது. இறங்கியதும் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து ஒரு வாத்து நடை நடந்தது.

"பதூல் அப்பா!"

தாடி சட்டென்று நின்று திரும்பியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் வந்தது. அந்தக் கண்கள் அவளைத் தெரியாத கண்களே இல்லை. லராபாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

பில்யாமீனு குடுவையை வாங்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். தாடியெல்லாம் தயிர்.

"இதுதான்டி என் பொண்டாட்டி குரல்!" என்று தங்கையிடம் சிரித்தார். "காட்டுல அந்தப் பசங்க எவளோ ஒருத்திய போன்ல விட்டு, உன் பொண்டாட்டி பேசறா, கேளுன்னானுங்க. அவ என்னடான்னா 'பில்யாமீனு, பில்யாமீனு'ன்னு பேரைச் சொல்லி ஊரே கேக்கற மாதிரி கத்தறா! இவ செத்தாலும் அப்படிச் சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரியாதா? இந்தப் பொம்பள யாருன்னே தெரியாதுன்னுட்டேன்."

பக்கத்தில் நின்ற பெரியவர்கள் லராபாவை மெச்சித் தலையாட்டினார்கள். அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளே சிரித்த சிரிப்பில் தோள் குலுங்கியது. ஐந்து மாதத்தில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

"யாரா இருக்கும் அவ?" என்றார் பில்யாமீனு.

"யாரோ ஒருத்தி" என்றாள் லராபா முக்காட்டுக்குள்ளிருந்து. "வெக்கங்கெட்டவ."

அசாபே வாயைத் திறந்தாள். அன்று அண்ணியின் காதில் போனைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

லராபா நாத்தனாரின் காலை அழுத்தி ஒரு மிதி மிதித்தாள்.