கரைப்பக்கம்

அமாவாசை, தறிக்கு ஓய்வு. காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளி கைலாசமும் மனைவி அம்சவேணியும் முதன்முறையாக மகாபலிபுரத்துக் கடலில், கட்டுமரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டிவந்த மீனவர் கற்றுக்கொள்ளக் கொடுத்த துடுப்பு கைலாசத்தின் கையில் இருக்க, கால்களோ அங்கே இல்லாத தறி மிதிக்கட்டையை அழுத்திக்கொண்டிருக்கின்றன. பக்கத்திலேயே, வெயிலில் பளபளத்து, ஒரு திமிங்கலத்தின் கரிய முதுகு எழும்புகிறது. அதன் மூச்சு மீன்வாடையோடு முகத்தில் தெறிக்கிறது. “எம்மாங் கிட்ட வருது பாருங்க! நம்மளப் பாக்கத்தான் வந்துக்கினு இருக்குது,” என்று அம்சவேணி கைகூப்புகிறாள். மீனவர் ஏழுமலை சிரிக்கவில்லை. “கரைக்குப் போவுதுமா. இனி ஆழத்துக்குத் திரும்பாது. மணல்ல ஏறி செத்துடும்.” அவள் கூப்பிய கை பிரியவில்லை. கைலாசம் துடுப்பைத் திமிங்கலத்தின் விலாவில் வைத்து, தறியில் மிதிப்பதுபோலக் காலை ஊன்றி, அதை ஆழ்கடல் பக்கம் தள்ளுகிறார். கட்டுமரம்தான் கரைப்பக்கம் நகர்கிறது.