வீட்டோடு வந்தவர்

மாப்பிள்ளை இதுவரை ஒரு பூட்டைக்கூட உடைத்ததில்லை. எந்த வண்டிக்காரரும் மாமனார் மாதிரி தானாகவே சாவியைக் கையில் கொடுத்துவிடுவதால், கூட்டாளிகள் அவனுக்கு வைத்த பெயர் அது. பூட்டை உடைப்பவர்களையும் கத்தி காட்டுபவர்களையும் கண்டால் அவனுக்கு இளக்காரம். ஊரில் இத்தனை முட்டாள்கள் இருக்கும்போது எதற்கு அந்தப் பாடு? ஆனால் இரண்டு முறை மாமியார் வீட்டில் களி தின்றாயிற்று. மூன்றாவது முறை போவதாக அவனுக்கு உத்தேசம் இல்லை.

மலைப்பாதையின் ஏழாவது வளைவில், ஆற்றை வேடிக்கை பார்க்கும் மேடையருகே, அன்று காலை அப்படியொரு முட்டாள் வந்து இறங்கினார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள கேரவன். மூன்று கார் நிற்கும் இடத்தை ஒரே ஆளாக அடைத்துக்கொண்டார். தலையில் குடை அகலத்துக்குத் தொப்பி. விரலில் சாவிக்கொத்து சுழன்றது.

அதுவும் எங்கே நின்றுகொண்டு? வண்டித் திருடன் ஜாக்கிரதை என்று போலீஸ் ஒட்டிய நோட்டீஸுக்குப் பக்கத்தில்! நோட்டீஸில் இருந்தது மாப்பிள்ளையின் படம்தான். மீசையை எடுத்தபின் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது என்ற தைரியத்தில் அவன் அங்கே உலாத்திக்கொண்டிருந்தான். தொப்பிக்காரர் நோட்டீஸை நிதானமாகப் படித்தார். பிறகு இவனைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். குருட்டு ஜென்மம் என்று நினைத்துக்கொண்டான்.

"வண்டி ஜோரா இருக்கே சார்! வீட்டுல வரலையா?" என்று பேச்சுக் கொடுத்தான். பெண்டாட்டி கூட வந்திருந்தால் காரியம் நடக்காது.

தொப்பிக்காரர் கேரவனின் விலாவில் ஓங்கித் தட்டினார். "என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க? நான் வீட்டோடதானே வந்திருக்கேன்!"

தன் ஜோக்குக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தார். ஓடுகிற வீடாம். மாப்பிள்ளைக்கு இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போயிற்று.

அத்தோடு விட்டாரா? உள்ளே இழுத்துப் போய்ச் சுற்றிக் காட்டினார். குழாயைத் திறக்கச் சொன்னார், ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னார். "இந்தக் காய் நறுக்குற கத்தியைப் பிடிச்சுப் பாருங்க. சும்மா தொட்டாலே வெட்டும்" என்று கையில் திணித்தார். வாங்கும்போது மட்டும் காகிதத்தால் நுனியைப் பிடித்து வாங்கினார். கத்திக்குப் போய் இந்த உபசாரமா?

"கட்டிலுக்கு அடியில என்ன சார்?"

"பெரிய பெட்டி. திறக்கச் சொல்லாதீங்க தம்பி. அமுக்கி அமுக்கி அடைச்சிருக்கேன், திறந்தா மூட முடியாது."

இவனை வெளியே அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

"கீழே போய் ஆத்துல காலை நனைச்சுட்டு வந்துடறேன். சாவி வண்டியிலேயே இருக்கு, தண்ணியில விழுந்துட்டா வம்பு பாருங்க. கொஞ்சம் பார்த்துக்குங்க."

மாப்பிள்ளை நன்றாகப் பார்த்துக்கொண்டான். தொப்பி படிக்கட்டில் மறைந்ததும் கேரவன் எட்டாவது வளைவில் இருந்தது. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் வெயிலில் மின்னும் ஆறு. சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான். இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் வண்டி எதற்கு, நடந்தே ஊர் போய்ச் சேரட்டும்.

பாலத்தில் போலீஸ் மறித்தது.

இன்ஸ்பெக்டர் அவன் முகத்தை நோட்டீஸோடு ஒப்பிட்டார். "அவர் சொன்னது சரிதான்யா. மீசை மட்டும்தான் இல்லை."

குருட்டு ஜென்மத்துக்குக் கண் நன்றாகவே தெரிந்திருக்கிறது. சரி, வெறும் வண்டித் திருட்டு. கண்ணை மூடித் திறப்பதற்குள் வெளியே வந்துவிடலாம் என்று மாப்பிள்ளை மனதைத் தேற்றிக்கொண்டான்.

"அவர் வீட்டுல எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எந்த வீட்டுல சார்?"

"நடிக்காதே. புகார் கொடுத்தவரோட சம்சாரம் எங்கே? உள்ளே படுத்துத் தூங்கிட்டிருந்தாங்க, வண்டியோட சேர்த்துக் கடத்திட்டான்னு அந்த மனுஷன் தலையில அடிச்சுக்கிட்டு அழறார்."

"சத்தியமா உள்ளே யாருமே இல்லை சார். அவர் இந்த வண்டியைத்தான் வீடுன்னு..." மாப்பிள்ளை திரும்பிக் கட்டிலைப் பார்த்தான்.

கான்ஸ்டபிள் கட்டில் பலகையைத் தூக்கி, அடியில் இருந்த பெட்டியைத் திறந்தார்.

மாப்பிள்ளை பிடித்துப் பார்த்த அதே கத்தி மார்பில் இறங்கியிருக்க, பெட்டிக்குள் ஒரு பெண்மணி கிடந்தார். தொப்பிக்காரர் ஜோக் அடிக்கவில்லை, வீட்டோடுதான் வந்திருந்தார்.