ஐந்தாவது கல்

"ரெண்டே மணி நேரம்ணா, கரண்ட கட் பண்ணாத. என் பொண்டாட்டி செத்துடுவா!"

போனில் இப்படிக் கெஞ்சிய ஆதிகேசவன் நின்றுகொண்டிருந்தது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு உலைக்கு முன்னால். அவன் மனைவி முத்தம்மா அந்த நேரம் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா சொல்ற? முத்தம்மாவுக்கு இன்னா ஆச்சி?" லைன்மேன் வரதன் பதறினார்.

"மூச்சுத் திணறல்ணா. பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரில மிஷின் வெச்சிகீறாங்க."

"அங்க ஜெனரேட்டர் இருக்குமே?"

"ரிப்பேராம்."

ரிப்பேரானது கம்பெனி ஜெனரேட்டர். அதைத் தூக்கி ஆஸ்பத்திரி தலையில் கட்டிவிட்டான். கம்பெனிக்காக என்றால் வரதன் மசியமாட்டார். போன தடவை கேட்டதற்கு, "உசுரு முக்கியமா, உன் மிஷினு முக்கியமா?" என்று கத்தியவர்.

உலைக்குள் ஏழு நாளாக ஒரு கல் வளர்ந்திருந்தது. சிலிக்கான் கார்பைடு. மின்சாரக் கார், சார்ஜர் எல்லாவற்றுக்கும் இனி இந்தக் கல்லைச் சீவிச் செய்த சில்லுதான் என்கிறார்கள். வளர்ப்பது லேசுப்பட்ட வேலையா? இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடு, உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது. இப்போது மெல்ல மெல்ல ஆறவைக்கும் கட்டம், இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி. கரண்ட் போனால் சட்டென்று குளிர்ந்து விரிசல் விட்டுவிடும். ஏற்கெனவே நாலு கல் விரிசல் விட்டுப்போயின. ஐந்தாவதும் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான் என்று மேனேஜர் சந்திரமோகன் சொல்லிவிட்டார். அறுபது குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

"டேய் ஆதி, வேப்பங்கிளை விழுந்து கம்பி தொய்ஞ்சிகீது. கழனி மேல ஆள் உசரத்துக்குத் தொங்குது. லைன ஆஃப் பண்ணாதான் இழுத்துக் கட்ட முடியும்."

"யாராச்சும் காவலுக்கு நின்னா போதும்ணா. ரெண்டு மணி நேரம். உன் கால்ல வேணா உழறேன்."

வரதன் பெருமூச்சு விட்டார். "சரி, யாரையாச்சும் நிக்க வெக்கிறேன். நீ தைரியமா இரு. முத்தம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது."

ஆதிகேசவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. பொய்தான், ஆனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

ஒரு மணி நேரம் போனது. திடீரென்று விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன. அவனுக்கு உயிரே போய்விட்டு வந்தது. நல்லவேளை, உலையின் மீட்டர் அசையவில்லை.

நேரம் முடிந்து உலையைத் திறந்தார்கள். சந்திரமோகன் கல்லை விளக்குக்கு முன்னால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"பொழச்சோம்யா!" என்று அவர் ஆதிகேசவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே போன் அடித்தது. வரதன் நம்பர். ஆதிகேசவன் ஓரமாக ஓடிப்போய் எடுத்தான்.

"அண்ணா, இப்ப கட் பண்ணிக்கோ! கண்டம் தாண்டிடுச்சி!"

மறுமுனையில் வரதன் இல்லை. அவர் மனைவி கங்கம்மா.

"தம்பி... காவலுக்கு ஆள் கெடைக்கலன்னு அவரே போய் நின்னுகினு இருந்தாரு. ஆடு ஓட்டிக்கினு வந்த பொண்ண தள்ளி உட்டாராம், கம்பி இவர புடிச்சிக்கிச்சி. முத்தம்மா கீற ஆஸ்பத்திரிக்கே தூக்கியாந்துட்டோம். உசுரு போயிடுச்சின்னு சொல்றாங்க தம்பி, எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியல... நீ எந்த மாடில கீற? கொஞ்சம் கீழ எறங்கி வாயேன்."