செல்லரித்த இரண்டு வரி

உள்ளே வந்ததும் ஆனந்தபாய் வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வேதமணி புரியாமல் பார்த்தார். பட்டப்பகலில் கதவை எதற்குச் சாத்த வேண்டும்?

வந்தவர் திருவனந்தபுரத்தில் இசைப் பேராசிரியை. பழைய கிறிஸ்தவக் கீர்த்தனைகளை ஆராய்ந்து போன வருடம் டாக்டர் பட்டம் வாங்கியவர். வேதமணியோ பாறசாலைப் பக்கத்து மிஷன் சபையில் பாட்டு நடத்துகிறவர். சபையின் பழைய சுரக் கைப்பிரதியைக் கண் நோகப் படித்து, தொண்ணூற்று நாலில் புத்தகமாகப் பதிப்பித்தது அவர்தான். இரண்டாம் தொகுதியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

தம் ஆய்வு அச்சுக்குப் போகிறது, அதற்குமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்றார் ஆனந்தபாய்.

"பதினேழாம் பாட்டுல கடைசி ரெண்டு வரி சுரம், அது கைப்பிரதியில உண்டா சார்?"

வேதமணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாட்டினோம், வசமாக மாட்டினோம்!

கைப்பிரதியில் அந்த இடத்தைச் செல் தின்றிருந்தது. புள்ளி வைத்து, 'சிதைந்த பகுதி' என்று அடிக்குறிப்பு போடுவதுதான் பதிப்பு முறை. சபை நூற்றாண்டு விழாவில் முழுப்பாட்டும் பாடியாக வேண்டும் என்று எல்லாரும் நெருக்கவே, மனுஷன் தானே சுரம் போட்டுப் புத்தகத்தில் சேர்த்துவிட்டார். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. வெளியே தெரிந்தால் இரண்டாம் தொகுதி போச்சு, சபையில் தலைகாட்டவும் முடியாது.

பெட்டியைத் திறந்து கைப்பிரதியை எடுத்து வைத்தார்.

"இவ்வளவு சின்னதா?" என்றார் ஆனந்தபாய். பதினேழாம் பாட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் புரட்டினார். வேதமணிதான் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. சுரம் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை வழியே மேஜைப்பலகை தெரிந்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது?

"டீச்சர், அந்த ரெண்டு வரியும் நான் போட்டதாக்கும். தப்புதான். சபைக் கமிட்டிக்கு நானே எழுதிக் குடுத்திருதேன்."

ஆனந்தபாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வேண்டாம் சார், ஆருட்டயும் சொல்லிராதீங்க. கைப்பிரதிய நேருல பாத்து, அந்த ரெண்டு வரியும் சரிதான்னு எழுதியாக்கும் நான் பட்டம் வாங்கினது."