கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

காலையில் படகு, மத்தியானம் மாடி பஸ், கையில் வழிய வழிய ஐஸ்கிரீம். கடைசி நாளில் அந்த அந்நிய நகரத்தைக் கணவனும் மனைவியும் ஒரு கை பார்த்துவிட்டு, சாயங்காலம் கோபுரத்தின் உச்சிக்கு வந்தார்கள். சுற்றிலும் கண்ணாடிச் சுவர்.

"கீழே பார்த்தா தலை சுத்தலையா அங்கிள்?" தமிழ் காதில் விழுந்ததும் ஓடிவந்த ஓர் இளம்பெண் கேட்டாள்.

"எனக்கா?" கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மேல வர்றது முதல் தடவையா ஆன்ட்டி?"

"டிக்கெட் வாங்கி வர்றது முதல் தடவைம்மா," என்றாள் மனைவி. "கல்யாணமான நாள்லேர்ந்து இவர் வெளியே கயித்துல தொங்கிக்கிட்டு இந்தக் கண்ணாடியைத் துடைச்சார். நான் உள்ளே துடைச்சேன். எங்க சண்டை, சமாதானம் எல்லாம் கண்ணாடி வழியா சைகையிலதான். வேலை முடிஞ்சுது. நாளைக்கு ஊருக்கே கிளம்பறோம்."

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கறது இன்னிக்குத்தான்," என்றார் அவர்.

அந்தப் பெண் அவர்களைப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மனைவி சாய்ந்து நின்ற இடத்தில், ஐஸ்கிரீம் பிசுக்கோடு அவளுடைய ஐந்து விரலும் கண்ணாடியில் பதிந்திருந்தன. பழக்க தோஷத்தில் அவர் கைக்குட்டையை உருவினார்.

"விடுங்க. ஊரார் கையெல்லாம் துடைச்சாச்சு. நம்ம கை ஒரு ராத்திரியாவது இங்க இருக்கட்டும்."

அவர் கைக்குட்டையைப் பைக்குள் திணித்தார். அவள் கைக்குப் பக்கத்திலேயே தன் கையையும் அழுத்தி வைத்தார்.